புலி ஏன் பட்டினி கெடந்துச்சு? ஆடுபுலி ஆட்டம் முதல் வெண்பா வரை

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது. பேச்சு நடை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு ஒரு தோல்விக் கதையில இருந்து ஆரம்பிக்கிறேன். என்னோட தோல்வி தான்.

2018. இன்ஜினியரிங் கடைசி வருஷம். ப்ராஜெக்ட்டுக்கு எல்லாரும் ஃபேஸ் ரெகக்னிஷன், பார்க்கிங் சென்சார்னு போனாங்க. நான் மட்டும் ஆடுபுலி ஆட்டத்தை மொபைல் கேமா பண்றேன்னு போய் நின்னேன். புலிக்கு அழகா வரி போட்டேன். ஆட்டுக்கு மணி கட்டினேன். பின்னாடி புல்லாங்குழல் சத்தம். அடிக்கும்போது புலி உறுமும். காட்டினா எல்லாரும் "செம மச்சி"னு சொன்னாங்க. மார்க்கும் நல்லாவே வந்துச்சு.

லீவுக்குக் கீழ்பென்னாத்தூர் போனேன். தெரியாதவங்களுக்கு: திருவண்ணாமலையில இருந்து செஞ்சி போற ரோட்டுல வர்ற ஊர். மல்லாட்டை விளையுற ஊர். மல்லாட்டைன்னா வேர்க்கடலை, சென்னைக்காரங்க குழம்பிக்க வேண்டாம். எனக்கு ஆடுபுலி சொல்லிக் குடுத்ததே அங்க இருக்கிற எங்க ஆயா தான். திண்ணையில கரித்துண்டால கோடு போடும். புலிக்கு மூணு கூழாங்கல், ஆட்டுக்கு மல்லாட்டை. அடிபட்ட ஆட்டை உரிச்சு வாயில போட்டுக்கலாம், அதுதான் எங்க ரிவார்ட் சிஸ்டம்.

ஃபோனை ஆயா கையில குடுத்தேன். ஆயா ஆடு, கம்ப்யூட்டர் புலி. மூணு ஆட்டம். மூணும் ஆயா ஜெயிச்சுது. நான் பெருமையா பாக்குறேன், அது முகத்துல சந்தோஷமே இல்ல. ஃபோனைத் திருப்பிக் குடுத்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டுச்சு: "என்னடா புலி இது, பட்டினி கெடக்குது?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனது தான் இன்னைக்கு எபிசோடு. ஒரு கேம் நல்லா இருக்குன்னு நாம எதை வெச்சுச் சொல்றோம்? படமா, சத்தமா, கதையா? இல்ல, அதுக்கெல்லாம் அடியில இருக்கிற விதிகளா?

முதல்ல மரியோகிட்டப் போவோம்

மெக்கானிக்ஸ்னு கேம் உலகத்துல ஒரு வார்த்தை உண்டு. நீங்க என்ன செய்யலாம், செஞ்சா என்ன ஆகும், எது முடியாது. இந்த மூணும் சேர்ந்தது தான் மெக்கானிக்ஸ். மரியோ குதிக்கிறது ஒரு மெக்கானிக். எவ்வளவு உயரம் குதிப்பான், பட்டனை அழுத்திப் பிடிச்சா இன்னும் கொஞ்சம் மேல போவானா, தரையில இறங்கினதும் வழுக்குவானா, இதையெல்லாம் இழைச்சு இழைச்சு சரி பண்றது தான் பாலிஷ். நம்ம ஆசாரி உளி வேலை முடிஞ்சப்புறம் இழைப்புளி போடுவார் இல்ல, அதே தான்.

1996ல வந்த சூப்பர் மரியோ 64 எப்படி உருவாச்சுன்னு ஷிகேரு மியமோட்டோ பேட்டிகள்ல சொல்லியிருக்கார். லெவல் எதுவும் பெருசா இல்லாத காலத்துலயே, மரியோவை ஒரு சின்ன இடத்துல ஓட விட்டு, ஒரு முயலைத் துரத்த விட்டிருக்காங்க. சும்மா ஓடுறதும் குதிக்கிறதுமே ஜாலியா இருக்கணும், அது வந்ததுக்கு அப்புறம் தான் உலகத்தைக் கட்டணும்னு.

இன்னொரு கதை இன்னும் பிடிக்கும். 1978ல ஜப்பான்ல டைட்டோ கம்பெனிக்காக டொமோஹிரோ நிஷிகாடோ பண்ண ஸ்பேஸ் இன்வேடர்ஸ். மேல வரிசையா ஏலியன், கீழ நம்ம துப்பாக்கி. அந்தக் காலத்து சிப்புக்கு அத்தனை ஏலியனையும் ஒண்ணா நகர்த்தத் திராணி இல்ல, மெதுவா தான் நகரும். நீங்க சுடச் சுட எண்ணிக்கை குறையுது, சிப்புக்கு வேலை குறையுது, மிச்சம் இருக்கிறது வேகமா வருது. கடைசி ஏலியன் பேய் மாதிரி ஓடும். இது ஹார்டுவேரோட பலவீனம். ஆனா விளையாடிப் பார்த்தா பதற்றம் ஏறுது, நெஞ்சு அடிச்சுக்குது. நிஷிகாடோ அதைச் சரி பண்ணல, அப்படியே விட்டுட்டார். ஜெயிக்க ஜெயிக்கக் கஷ்டமாகுற அந்த அமைப்பு இன்னைக்கு வரைக்கும் கேம்கள்ல வாழுது.

இதுல எனக்கு ஒரு விஷயம் புரிஞ்சுது. நல்ல விதி பல நேரம் காகிதத்துல பொறக்கிறதில்ல. யாரோ விளையாடிப் பாக்கும்போது தான் பொறக்குது. அப்படின்னா நூத்துக்கணக்கான வருஷமா திண்ணையில விளையாடிப் பார்த்த விதிகள் எவ்வளவு இழைஞ்சிருக்கும்?

மூணு புலி, பதினஞ்சு ஆடு

எங்க பக்கம் பரவலா ஆடுற ஆடுபுலிக்கு 23 புள்ளி. உச்சியில இருந்து கோடுகள் விரிஞ்சு இறங்கும், குறுக்க சில கோடுகள் வெட்டும். 3 புலி, 15 ஆடு. புலிகள் மேல உட்காரும். ஆட்டுக்காரர் ஒரு ஆடு வைப்பார், புலிக்காரர் ஒரு புலி நகர்த்துவார். பக்கத்துல ஆடு இருந்து, அதுக்கு நேர் பின்னாடி காலியா இருந்தா, புலி தாண்டிக் குதிச்சு அடிச்சிடும். ஆடு யாரையும் அடிக்க முடியாது. சுத்தி வளைச்சு, எந்தப் புலியும் அசைய முடியாத மாதிரி கட்டிப் போட்டா ஆடு ஜெயிச்சுது.

ரெண்டு பக்கத்துக்கும் வேற வேற பலம், வேற வேற நோக்கம். கேம் டிசைன்ல இதுக்கு ஏசிமெட்ரிக்னு பேரு. 2016ல வந்த டெட் பை டேலைட் விளையாடியிருப்பீங்க. ஒரு கொலைகாரன், நாலு பேர் தப்பிக்கணும். இந்த வகை கேமை பேலன்ஸ் பண்றது நரகம். ஒரு பக்கத்துக்குத் துளி பலம் கூடினாலும் இன்னொரு பக்கம் ஆட ஆளே கிடைக்காது. அதனால வருஷக்கணக்கா பேட்ச் போட்டுக்கிட்டே இருக்காங்க.

இப்போ என் ஆப்ல என்ன தப்பு? ஆயா கேட்டதை யோசிச்சுக்கிட்டே திண்ணையில உட்கார்ந்தேன். அது தானா சொல்லுச்சு: "மந்தை பூரா எறங்காம ஆடு எப்பிடிடா நடக்கும்?"

அவ்வளவு தான். 15 ஆடும் இறங்குற வரைக்கும், வெச்ச ஆட்டை நகர்த்தக் கூடாது. இந்த விதியை நான் கோட்ல எழுதவே இல்ல. மறந்துட்டேன். சின்ன வயசுல ஆயா கூட ஆடும்போது அதை நான் விதியாவே நினைச்சதில்ல, அப்படித் தான் ஆடுவாங்கன்னு பழகிட்டேன். என் ஆப்ல புலி பக்கத்துல வந்தா ஆடு நைசா நகர்ந்துடும். எதையும் பணயம் வைக்க வேண்டியதில்ல. அதனால புலிக்குச் சாப்பாடே இல்ல.

அந்த ஒரு வரி இருந்தா ஆட்டம் எப்படி மாறுதுன்னு பாருங்க. முதல் பாதியில நீங்க வைக்கிற ஒவ்வொரு ஆடும் ஒரு வாக்குறுதி. திரும்ப எடுக்க முடியாது. "இதை இங்க வெச்சா பின்னாடி யார் காவல்?"னு யோசிச்சு யோசிச்சு வைக்கணும். புலிக்கு அது தான் வேட்டைக்காலம். 15வது ஆடு இறங்கின அடுத்த நிமிஷம் ஆட்டமே வேற. இப்போ மந்தை நகருது, சுத்தி வளைக்குது, புலி பயப்பட ஆரம்பிக்குது. ஒரே பலகையில ரெண்டு கேம். நடுவுல ஒரே ஒரு விதி அதைப் பிரிக்குது. என் கோட்ல அதுக்கு ஒரு இஃப் கண்டிஷன் போதும்.

அதைச் சேர்த்தேன். புலி உயிரோட வந்துச்சு.

இந்த பேலன்ஸ் நிஜமாவே அவ்வளவு நல்லதா, இல்ல நான் பாசத்துல பேசுறேனான்னு கேட்டா, ஆதாரம் பக்கத்து வீட்டுல இருக்கு. நேபாளத்துல பாக் சால்னு ஒரு ஆட்டம், நம்ம ஆடுபுலியோட உறவு. 25 புள்ளி, 4 புலி, 20 ஆடு. அங்கயும் எல்லா ஆடும் இறங்குற வரைக்கும் ஆடு நகராது. லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட்னு ரெண்டு கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளர்கள் அதைப் பல வருஷம் கம்ப்யூட்டர்ல அலசினாங்க. முடிவு என்னன்னா, ரெண்டு பக்கமும் ஒரு தப்பும் பண்ணாம ஆடினா ஆட்டம் டிரா. மலையில கல்லை வெச்சு ஆடினவங்க, கணக்கே போடாம, நாலு புலியையும் இருபது ஆட்டையும் தராசு முள் நடுவுல நிக்கிற மாதிரி வெச்சிருக்காங்க. இது நம்ம 23 புள்ளி ஆட்டத்துக்குக் கிடைச்ச முடிவு இல்ல, கவனம். ஆனா இந்தக் குடும்பத்து ஆட்டங்கள் எவ்வளவு தூரம் இழைக்கப்பட்டிருக்குன்னு காட்டுது.

கல்லுல இருக்கிற கோடு

தமிழ்நாட்டுல பழைய கோயில் மண்டபங்கள்ல தரையைப் பார்த்து நடந்தா, பல இடத்துல இந்தக் கோடுகள் கல்லுல செதுக்கியிருக்கும். ஆடுபுலி, தாயம், பல்லாங்குழிக் குழிகள். உடனே வாட்ஸப்ல வரும்: "ஆயிரம் வருஷத்துக்கு முன்பே தமிழன்..."னு. கொஞ்சம் நில்லுங்க. கல் எந்தக் காலத்துதுன்னு கல்வெட்டை வெச்சுச் சொல்லலாம். அதுமேல இருக்கிற கோட்டை யார், எப்போ கீறினாங்கன்னு அப்படிச் சொல்ல முடியாது. மண்டபம் 12ஆம் நூற்றாண்டா இருக்கலாம், கோடு போன தலைமுறையில நிழலுக்கு ஒதுங்கின யாரோ போட்டதா இருக்கலாம்.

மண்ணுக்கு அடியில கிடைக்கிறது வேற. கீழடியைப் பத்தி தமிழ்நாடு தொல்லியல் துறை 2019ல ஒரு அறிக்கை வெளியிட்டுச்சு. அதுல பகடைக்காய்களும், சுடுமண்ல செஞ்ச ஆட்டக்காய்களும், பானை ஓட்டைத் தேய்ச்சு வட்டமாக்கின சில்லுகளும் நிறைய இருக்கு. அங்க ஆடியிருக்காங்க, சந்தேகமே இல்ல. ஆனா என்ன விதியில ஆடினாங்க? அது நமக்குக் கிடைக்கல. காய் கிடைச்சுது, விதி கிடைக்கல. என் பாஷையில சொன்னா, ஹார்டுவேர் மண்ணுல பத்திரமா இருந்துச்சு, சாஃப்ட்வேர் அழிஞ்சு போச்சு. சோர்ஸ் கோடு மனுஷங்க தலைக்குள்ள மட்டும் இருந்தா இது தான் நடக்கும்.

இதை மனசுல வெச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வருவேன்.

தாயம்: எரிச்சலே ஒரு மெக்கானிக்

தாயக்கட்டை ரெண்டு. நீளமான பித்தளைக் கட்டை, நாலு பக்கம். ஒரு பக்கம் காலி, மத்ததுல 1, 2, 3 புள்ளி. ரெண்டையும் கையில தேய்ச்சு உருட்டினா 16 விதமா விழலாம். ஒண்ணு காலி, இன்னொண்ணு 1 வந்தா தாயம். 16ல 2 வழி, அதாவது எட்டுல ஒரு பங்கு. தாயம் விழுந்தா தான் காய் உள்ள இறங்கும். எட்டு தடவை உருட்டியும் தாயமே விழாம இருக்க வாய்ப்பு கிட்டத்தட்ட 34 சதவீதம். சித்தப்பா எல்லாம் அரை மணி நேரமா "விழ மாட்டேங்குதே"னு கட்டையைத் திட்டுறது வெறும் ராசி இல்ல, கணக்கு.

இது மோசமான டிசைன் மாதிரி தெரியுதா? இப்போ அடுத்ததைப் பாருங்க. ரெண்டும் காலியா விழுந்தா சைபர் இல்ல, 12! ஆட்டத்துலயே பெரிய எண், 16ல 1. ஒண்ணுமே இல்லாதது தான் உச்சம். 1, 5, 6, 12 விழுந்தா மறுபடி உருட்டலாம். கூட்டினா 16ல 6 வழி. கிட்டத்தட்ட அஞ்சுக்கு ரெண்டு தடவை "இன்னொரு வாட்டி"னு வருது. அதனால தான் பின்னாடி இருக்கிறவருக்கு நம்பிக்கை போகவே போகாது. ஒரே முறையில 12, 6, 5னு வரிசையா விழுந்து ஆட்டம் தலைகீழா மாறின கதை எல்லா வீட்டுலயும் இருக்கும்.

ஆனா என்னைப் பொறுத்தவரை தாயத்தோட ரத்தினம் வேற. எதிராளி காயை ஒரு தடவையாவது வெட்டினா தான் உங்க காய் உள்கட்டத்துக்குள்ள போய் பழமாகலாம். பல ஊர்ல இந்த விதி உண்டு. இது இல்லன்னா என்ன ஆகும்? எல்லாரும் மலைக்கு மலை பத்திரமா தாவி, யாரையும் தொடாம வீடு போய்ச் சேருவாங்க. பயந்து ஆடுறவங்க ஜெயிப்பாங்க, பாக்கிறவங்க தூங்குவாங்க. இந்த விதி எல்லாரையும் சண்டைக்கு இழுக்குது. 2017ல பப்ஜியில சுருங்கி வர்ற வட்டம் என்ன வேலை செஞ்சுது? ஒளிஞ்சு உட்கார்ந்தவனை வெளிய இழுத்துச்சு. பிரச்சினை ஒண்ணு தான், தீர்வு ரெண்டு.

தாயத்தோட பங்காளி தான் வடக்கத்தி பச்சீசி. அது இங்கிலாந்து போய் லூடோவாச்சு, 1896ல அங்க பேட்டன்ட் வாங்கினாங்க. சோழியை எடுத்துட்டு ஒரே ஒரு ஆறுமுகப் பகடை. எல்லா எண்ணுக்கும் ஒரே வாய்ப்பு. கத்துக்க சுலபம், ஒரு பெட்டிக்குள்ள அடைச்சு விக்கலாம். அந்த லூடோ இந்தியாவுக்கே திரும்பி வந்து, 2016ல மும்பைப் பக்கத்து கேமிஷன் டெக்னாலஜிஸ் லூடோ கிங்கா வெளியிட, 2020 லாக்டவுன்ல அதை ஆடாத குடும்ப வாட்ஸப் குரூப்பே இல்ல. நான் அதைக் குறை சொல்லல. ஊர் ஊரா பிரிஞ்சு கிடந்த எங்க கசின்ஸ் எல்லாரையும் ஒரே பலகையில உட்கார வெச்சுது அது. ஆனா பகடையை மாத்தினா ஆட்டத்தோட குணமே மாறுதுங்கிறதுக்கு இதை விட நல்ல உதாரணம் கிடையாது.

உலகத்துலயே பெரிய பேட்ச் அப்டேட்

பழைய விதி புனிதமானது, தொடக்கூடாதுன்னு நான் சொல்ல வர்றதா நினைச்சுக்காதீங்க. எதிர் உதாரணம் செஸ்.

இந்தியாவுல சதுரங்கமா பொறந்து, பாரசீகம், அரபு நாடுன்னு போய், ஐரோப்பாவுல இறங்கின ஆட்டம். ராஜா பக்கத்துல நின்ன மந்திரி அப்போ ஒரு சோப்ளாங்கி. குறுக்க ஒரே ஒரு கட்டம் நகரும். ஆட்டம் சூடு பிடிக்கவே நேரம் ஆகும். 15ஆம் நூற்றாண்டு கடைசியில ஸ்பெயின் பக்கம் அந்தக் காய்க்கு, அதாவது ராணிக்கு, எட்டுத் திசையிலயும் எவ்வளவு தூரமும் போற பலத்தைக் குடுத்தாங்க. ஒரே ஒரு காயோட நகர்வை மாத்தினாங்க, ஆட்டத்தோட வேகமே மாறிப் போச்சு. கொஞ்ச காலத்துலயே பழைய விதி ஐரோப்பாவுல காணாமப் போச்சு. யாரும் உத்தரவு போடல. புதுசு ஜாலியா இருந்துச்சு, அவ்வளவு தான்.

இங்க இந்திய விதியில ஆடுறது ரொம்ப நாள் தொடர்ந்துச்சு. மீர் சுல்தான் கான் அதுல வளர்ந்தவர். பிறகு மேற்கத்திய விதியைக் கத்துக்கிட்டு லண்டன் போய் 1929, 1932, 1933னு மூணு தடவை பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். இன்னைக்குச் சென்னையில ஆனந்த், 2024ல 18 வயசுல உலக சாம்பியன் ஆன குகேஷ், எல்லாரும் ஆடுறது அந்த ஸ்பெயின் அப்டேட் வந்த வெர்ஷனைத் தான். நம்ம ஆட்டம் வெளிய போய் இழைஞ்சு திரும்பி வந்துச்சு. அதை வாங்கிக்கிட்டதுல நமக்கு ஒரு நஷ்டமும் இல்ல.

முடிவே எடுக்க முடியாத ஆட்டமும், காதால ஆடுற ஆட்டமும்

பரமபதத்துல நீங்க எடுக்கிற முடிவுன்னு ஒண்ணுமே கிடையாது. உருட்டு, ஏறு, இறங்கு. கேம் டிசைனர்கிட்டக் கேட்டா இது கேமே இல்லம்பார். ஆனா வைகுண்ட ஏகாதசி ராத்திரி இதை எதுக்கு ஆடுறாங்க? கண் முழிக்க. யோசிக்க வேணாம், தூங்கவும் முடியாது, ஜெயிக்கப் போற நேரத்துல பெரிய பாம்பு கடிச்சு ஆட்டம் நீளும். விடிய விடிய ஓடணும்னா இதை விடப் பொருத்தமான மெக்கானிக் என்ன இருக்கு? விதி நல்லதா கெட்டதான்னு கேக்குறதுக்கு முன்னாடி, அது எந்த வேலைக்குன்னு கேக்கணும்.

பல்லாங்குழி நேர் எதிர். 14 குழி, ஒவ்வொண்ணா புளியங்கொட்டையைப் போட்டுக்கிட்டே போகணும். கை தேர்ந்தவங்க எண்ணவே மாட்டாங்க. கை நிறைய அள்ளும்போதே எங்க முடியும்னு தெரியும். டக், டக், டக்னு விழுற சத்தம் தான் பாதி சுகம். இப்போ கேம் டெவலப்பர்கள் ஜூஸ்னு சொல்வாங்க. பட்டன் அமுக்கினா திரை லேசா அதிரும், காசு சிலுங்கும், அந்த மாதிரி. பல்லாங்குழிக்கு அது மரத்துலயே இருக்கு. நானும் பல்லாங்குழி ஆப் டவுன்லோட் பண்ணிப் பார்த்தேன். விதி சரி, கணக்கு சரி. கொட்டை தானா போய் விழுது, நான் வேடிக்கை பாக்குறேன். இந்த ஆட்டத்துல கை செய்யிற வேலை தான் ஆட்டமே, அதை ஃபோன் எடுத்துக்கிச்சு.

ஒரு எச்சரிக்கை, எனக்கும் சேர்த்து. பாட்டி காலத்து ஆட்டம் எல்லாம் அற்புதம்னு சொல்லல. நமக்கு வந்து சேர்ந்தது வடிகட்டி மிஞ்சினது. சலிப்பா இருந்த ஆட்டங்களை எந்தப் பேரனுக்கும் யாரும் சொல்லிக் குடுக்கல, செத்துப் போச்சு. இதுக்குப் பின்னாடி ஒரு மகா மேதை இல்ல. சலிச்சுப் போய் "இன்னிமே இப்படி ஆடலாமா?"னு கேட்ட ஆயிரக்கணக்கான பேர் தான் இருக்காங்க.

கிழிஞ்ச சமையல் நோட்டு

இப்போ 2023க்கு வாங்க. டொரன்டோல விசை கேம்ஸ்னு ஒரு சின்ன ஸ்டூடியோ, வெண்பான்னு ஒரு கேம் வெளியிட்டாங்க. 1988ல கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம். அம்மா பேரு வெண்பா, அப்பா பாவலன், பையன் கவின். அம்மாகிட்ட அவங்க அம்மா குடுத்த சமையல் நோட்டு. அங்கங்க கிழிஞ்சு, எழுத்து அழிஞ்சு போயிருக்கும். நீங்க விட்டுப்போன படியை ஊகிச்சு இட்லி அவிக்கணும், பிரியாணி போடணும்.

ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும். புள்ளி இல்ல, டைமர் இல்ல, சமையல் கேம்னா வழக்கமா இருக்கிற அவசரம் எதுவும் இல்ல. தப்பா பண்ணா திரும்பப் பண்ணலாம். ஆனா அந்த மெக்கானிக்கை யோசிச்சுப் பாருங்க. அம்மா தூரத்துல இருக்கா, நோட்டுல பாதி தான் இருக்கு, மீதியை உன் கை தான் ஞாபகப்படுத்திக்கணும். புலம்பெயர்றதுன்னா என்னன்னு பக்கம் பக்கமா வசனம் எழுதினாலும் வராத உணர்வு, அந்த விடுபட்ட ஒரு வரியை நீங்களே நிரப்பும்போது வருது. கதையும் விதியும் ஒண்ணா ஆகுற இடம் அது. 2024ல பாஃப்டாவோட அறிமுக கேம் விருதும், ஐஜிஎஃப்ல பெரிய பரிசும் வெண்பாவுக்குக் கிடைச்சுது. சின்ன டீம், சின்ன கேம். இழைப்பு தான் பெருசு.

அந்த கேமை ஆடி முடிச்ச ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. ஏன்னு சொல்றேன்.

ஆயாவோட எண்

எங்க ஆயா 2021ல போயிட்டாங்க. அதுக்கப்புறம் நான் அந்த ஆப்பைத் தொடவே இல்ல. வெண்பா ஆடின கையோட லேப்டாப்ல பழைய ப்ராஜெக்ட்டைத் திறந்தேன். முடிச்சு வெளியிட்டுடலாம்னு. கோட்ல ஒரு இடத்துல நானே 2018ல எழுதி வெச்ச கமென்ட்: "புலி ஜெயிக்க எத்தனை ஆடு? ஆயாகிட்ட கேக்கணும்."

கேக்கவே இல்ல.

புலி எத்தனை ஆடு அடிச்சா ஆட்டம் முடியும்ங்கிறது ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். நெட்ல தேடினா இடத்துக்கு ஒரு எண். நான் சின்ன வயசுல ஆடினது ஞாபகம் இருக்கு, ஆனா எத்தனையாவது ஆட்டுல நான் குதிச்சுக் கத்தினேன்னு ஞாபகம் இல்ல. கம்ப்யூட்டரையும் கம்ப்யூட்டரையும் ஆட விட்டு, எந்த எண்ல ரெண்டு பக்கமும் சமமா ஜெயிக்குதுன்னு கண்டுபிடிக்கலாம். பண்ணேன். ஒரு எண் வந்துச்சு. ஆனா அது நியாயமான எண், ஆயாவோட எண் இல்ல.

அடுத்த தடவை ஊருக்குப் போனப்போ எதிர்வீட்டு ஆயாகிட்டப் போய் உட்கார்ந்தேன். ரெண்டு பேரும் மத்தியானம் முழுக்க திண்ணையில ஆடினவங்க. கேட்டேன். "ஆறு"ன்னு பட்டுனு சொன்னாங்க. அப்பாடா, கிடைச்சுதுன்னு ஃபோன்ல குறிச்சேன். அவங்க கொஞ்சம் யோசிச்சுட்டுச் சொன்னாங்க: "அது எங்கூட ஆடுனா. உங்கூட ஆடுனா நாலு தான்டா. நீதான் எப்பவும் புலி வேணும்னு அழுவியே. சின்னப் புள்ள, சீக்கிரம் ஜெயிக்கட்டும்னு உங்காயா நாலுலயே தோத்துட்டேன்னு எந்திரிச்சுக்கும்."

நான் இத்தனை வருஷமா ஆடுபுலியில நான் கெட்டிக்காரன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன் மக்களே.

2005ல வந்த ரெசிடென்ட் ஈவில் 4ல இதே வேலை நடக்கும். நீங்க திரும்பத் திரும்பச் செத்தா, கேம் உங்ககிட்டச் சொல்லாமலே எதிரிகளைக் கொஞ்சம் லேசாக்கும். சொல்லிட்டா சுகம் போயிடும்ல. டிசைனர்கள் இதைப் பத்திப் பெரிய பெரிய கருத்தரங்குல பேசுறாங்க. எங்க ஆயா மல்லாட்டையை உரிச்சுக்கிட்டே செஞ்சிருக்கு.

அப்போ தான் என் கேள்வியே தப்புன்னு புரிஞ்சுது. நான் ஒரு எண்ணைத் தேடினேன். அங்க எண்ணே இல்ல. எதிர்ல உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்த்து எண்ணை வைக்கிறது தான் விதி. அந்த விதியை யாரும் கல்லுல செதுக்க முடியாது. கல்லுல 23 புள்ளி தான் இருக்கும்.

இப்போ ஆப்ல ஒரு மாற்றம் பண்ணியிருக்கேன். ஆட்டம் ஆரம்பிக்கும்போது திரையில "எத்தனை ஆடு?"னு கேக்கும். ரெண்டு பேரும் பேசி ஒரு எண் போடணும். பேசாம ஆரம்பிக்க முடியாது. என் ஃப்ரெண்ட் டெஸ்ட் பண்ணிட்டு, "டீஃபால்ட் ஒண்ணு வெச்சுடு மச்சி, எவன் பேசிக்கிட்டு இருப்பான்"னான். வைக்க மாட்டேன்னுட்டேன். பேசட்டும்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரே ஒரு வேலை. வீட்டுல பெரியவங்க யாராவது இருந்தா, தாயமோ பல்லாங்குழியோ ஆடுபுலியோ, ஒரு ஆட்டம் ஆடுங்க. பக்கத்துல ஃபோன்ல ரெக்கார்டிங் ஓடட்டும். "விதி என்ன?"ன்னு கேக்காதீங்க, கேட்டா பாதி தான் வரும். ஆடுங்க, வேணும்னே தப்பா ஆடுங்க. "டேய், அப்படி ஆடக் கூடாது"ன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அது தான் விட்டுப்போன வரி. அதை ஊர் பேரோட எங்களுக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. வர்றதை எல்லாம் சேர்த்து ஒரு எபிசோடு பண்ணலாம்.

அடுத்த வாரம் பாப்போம்.